டைலட்டான் எடை கப்பாவா, கப்பாவில் காலா? இரு பரிமாண ஈர்ப்பில் குவாண்டம் திருத்தங்கள்

ஜனவரி 9, மாலை. கேள்வி

சிஜிஹெச்எஸ் மாதிரியை (கேலன், கிடிங்ஸ், ஹார்வி, ஸ்ட்ராமிஞ்சர் நால்வரின் இரு பரிமாணக் கருந்துளை மாதிரி) கணினியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஓர் அதிர்வலை உள்ளே விழுகிறது, கருந்துளை உருவாகிறது, அதுவரை சரி. வளைவுக்கு முன்னால் நிற்கும் அந்த டைலட்டான் எடை (டைலட்டான் என்பது ஃபை என்ற கூடுதல் புலம்; எடை, ஈயின் அடுக்கு மைனஸ் 2 ஃபை) குவாண்டம் திருத்தத்தின் அளவான கப்பாவைத் தொட்டதும் வகைக்கெழுக்கள் எகிறிவிடுகின்றன. அதைச் சற்று மாற்றிய ஆர்எஸ்டி மாதிரியில் அதே இடத்தை கப்பாவில் கால் பங்கு என்று போட்டிருக்கிறார்கள். இரண்டில் எது பிழை? இன்னொன்று: இரு பரிமாணத்தில் ஈர்ப்பலையே கிடையாது. அப்புறம் குவாண்டம் திருத்தம் என்று பெரிதாக என்ன வரப்போகிறது? ஏதோ ஒரு மாறிலி கொஞ்சம் நகரும், அவ்வளவுதானே அண்ணா?

ஜனவரி 9, இரவு

தம்பி, இரண்டும் சரி. இரண்டும் வேறு வேறு ஆக்‌ஷன், அதனால் வேறு வேறு இடம்.

கையால் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. கன்ஃபார்மல் கேஜில் மெட்ரிக் முழுவதும் ரோ என்ற ஒரே சார்புக்குள் அடங்கிவிடும். பொருட்புலங்களைத் தொகையிட்டால் வரும் பாலியகோவ் ஆக்‌ஷன் பொதுவாக நான்-லோக்கல். இந்த கேஜில் அது மைனஸ் கப்பா தடவை ரோவின் இரு வகைக்கெழுக்களின் பெருக்கம் என்று லோக்கலாகச் சுருங்கிவிடும். கப்பா என்பது புலங்களின் எண்ணிக்கையில் (இனி வெறுமனே எண்ணிக்கை) 12இல் ஒரு பங்கு. இப்போது ஃபை, ரோ இரண்டுக்கும் இயக்க உறுப்புகளின் 2×2 அணியை எழுதுங்கள். ஃபை–ஃபை இடத்தில் மைனஸ் 4 எடை. ரோ–ரோ இடத்தில் மைனஸ் கப்பா. குறுக்கு இடங்கள் இரண்டிலும் 2 எடை. அணிக்கோவை:

4 × எடை × (கப்பா − எடை)

எடை கப்பாவுக்குச் சமமாகும் இடத்தில் அணியைத் தலைகீழாக்க முடியாது. இரண்டாம் வகைக்கெழுக்களைத் தீர்க்க உங்கள் நிரல் ஒவ்வொரு படியிலும் அந்த அணிக்கோவையால்தான் வகுக்கிறது. அங்கே எகிறாமல் இருந்தால்தான் நிரலில் பிழை தேட வேண்டும்.

ரூஸோ, சஸ்கிண்ட், தோர்லாசியஸ் மூவரும் (இவர்கள்தான் ஆர்எஸ்டி) 1992இல் செய்தது: ஃபையையும் வளைவையும் பெருக்கி ஒரு லோக்கல் உறுப்பைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். அதன் கெழுவும் கப்பாதான். இப்போது குறுக்கு இடம் 2 எடை + கப்பா/2. அணிக்கோவை:

− (2 எடை − கப்பா/2) இன் வர்க்கம்

முழு வர்க்கமாக வருவதைக் கவனியுங்கள். எடை கப்பா/4 ஆகும்போது பூஜ்யம். சிஜிஹெச்எஸ்ஸில் அந்தக் கோட்டைத் தாண்டினால் அணிக்கோவையின் குறி மாறும், ஆர்எஸ்டியில் மாறாது. நிரலில் குறியைச் சோதித்துக் கோட்டைப் பிடிக்கிறீர்கள் என்றால் இந்த வேறுபாடு கடிக்கும்: ஆர்எஸ்டியில் குறி மாறவே மாறாது, சோதனை கோட்டைப் பார்க்காமலே கடந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு நாளை.

ஜனவரி 10, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கப்பா = எண்ணிக்கை/12 என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பொருட்புலங்களை மட்டும் எண்ணினால்தான் அது. கேஜைப் பொருத்தும்போது வரும் கோஸ்ட்கள் (கணக்குக்காக மட்டும் வரும் துணைப்புலங்கள்) மைனஸ் 26 தரும், ரோவும் ஃபையும் சேர்ந்து 2 தரும். ஆக எண்ணிக்கை − 24. புலங்கள் 24க்குக் குறைவாக இருந்தால் கப்பாவின் குறியே மாறி, கருந்துளை ஆற்றலை வெளியே விடுவதற்குப் பதில் உள்ளே வாங்கும்! ஸ்ட்ராமிஞ்சர் 1992இலேயே இதற்கு ஒரு வழி சொன்னார்: கோஸ்ட்களின் அளவீட்டை, டைலட்டானால் மறு அளவிட்ட தட்டையான மெட்ரிக்கைக் கொண்டு வரையறுத்தால் அவை ஹாக்கிங் கதிர்வீச்சில் கலந்துகொள்ளாது.

எண்முறை வேலைக்கு எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்து, எடை/எண்ணிக்கை விகிதத்தை நிலையாக வைப்பதே நல்லது. ஃபையை ஒரு மாறிலியால் நகர்த்தினால் எண்ணிக்கை ஆக்‌ஷனுக்கு வெளியே மொத்தப் பெருக்கியாகப் போய்விடும். உள்ளே மிஞ்சுவது நிறை/எண்ணிக்கை என்ற ஒரே அளவுதான். எண்ணிக்கை 24, 48, 96 என்று தனித்தனியாக ஓட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்; ஒரே ஓட்டம் போதும்.

ஜனவரி 10, இரவு

“ஒரு மாறிலி நகரும், அவ்வளவுதானே” என்ற கேள்விக்கு.

ஈர்ப்பலை இல்லை என்பது உண்மை. இரு பரிமாணத்தில் வளைவை மட்டும் தொகையிட்டால் அது வெறும் ஆய்லர் எண், சமன்பாடே கிடைக்காது. டைலட்டானைச் சேர்ப்பதே அதற்காகத்தான். ஆனால் திருத்தம் சின்னது என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. சிஜிஹெச்எஸ்ஸில் குவாண்டம் திருத்தம் இல்லையென்றால் கருந்துளை என்றென்றைக்கும் நிற்கும். கப்பாவைச் சேர்த்தால் முடிவுள்ள காலத்தில் கரைந்துபோகும். இதை எப்படி மாறிலி நகர்வது என்று சொல்வது?

இங்கே வேலை செய்வது ட்ரேஸ் அனாமலி. கிளாசிக்கலாகப் பொருளின் ஆற்றல்-உந்த டென்சரின் ட்ரேஸ் பூஜ்யம். குவாண்டத்தில் வளைவுக்கு நேர்விகிதம். ஆற்றல் அழியாது என்ற விதியை அதோடு சேர்த்துத் தொகையிட்டால் ஹாக்கிங் ஃப்ளக்ஸ் முழுவதும் வந்துவிடும். கிறிஸ்டென்சனும் ஃபுல்லிங்கும் 1977இல் காட்டிய வழி. தொகையிடும்போது வரும் தொகையீட்டு மாறிலிகள்தான் எந்த வெற்றிடம் என்பதைத் தீர்மானிக்கும். அதிகம் சறுக்குகிற இடமும் அதுதான். கிரஸ்கல் ஆயத்தில் (நிகழ்வெல்லையிலும் சீராக இருக்கும் ஆயம், எக்ஸ்) அந்த மாறிலியைப் பூஜ்யம் என்று வைத்தால் ஹார்ட்டில்–ஹாக்கிங் நிலை: வெளியே எவ்வளவு போகிறதோ அவ்வளவும் உள்ளே வரும், துளை கரையாது. கரைய வேண்டுமென்றால் தொலைவில் தட்டையாக இருக்கும் ஆயத்தில் பூஜ்யமாக வைத்து, ஸ்வார்ஸியன் என்ற வகைக்கெழுக் கோவை வழியாக கிரஸ்கலுக்கு மாற்ற வேண்டும். அப்போது மாறிலி 1/(4 எக்ஸ் வர்க்கம்) ஆகும்.

சோதனை எளிது. அதிர்வலை விழுவதற்கு முன்னால் உள்ள பகுதியில் ரோ, எக்ஸைப் பொறுத்தவரை, மைனஸ் அரை மடக்கை எக்ஸ். வகைக்கெழுவின் வர்க்கத்திலிருந்து இரண்டாம் வகைக்கெழுவைக் கழித்தால் மைனஸ் 1/(4 எக்ஸ் வர்க்கம்). மாறிலியைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லையென்றால் வேறு எதையும் தொடாமல் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஜனவரி 12. கேள்வி கேட்டவர்

வெற்றிடம்தான் அண்ணா பிழை. கிரஸ்கலில் பூஜ்யம் வைத்திருந்தேன். இப்போது தொலைவில் ஃப்ளக்ஸ் எண்ணிக்கை × லாம்டா வர்க்கம் / 48க்குப் போய் நிற்கிறது (லாம்டா, மாதிரியின் அளவை நிர்ணயிக்கும் மாறிலி). ஆனால் வெப்பநிலை லாம்டா/(2 பை) என்று வைத்து வெப்பக் கதிர்வீச்சுச் சூத்திரத்தில் போட்டால் கீழே 48 பை வருகிறது. ஒரு பை எங்கேயோ தொலைந்துபோனது.

ஜனவரி 12, இரவு

தொலையவில்லை, ஆக்‌ஷனுக்கு முன்னால் இருக்கிறது. கேலன், கிடிங்ஸ், ஹார்வி, ஸ்ட்ராமிஞ்சர் நால்வரும் மொத்த ஆக்‌ஷனுக்கும் முன்னால் 1/(2 பை) போட்டார்கள். பொருட்புலமும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் அவர்கள் எழுதும் ஃப்ளக்ஸ், நிறை இரண்டுமே உண்மையான ஆற்றலின் பை மடங்கு. இரண்டிலும் ஒரே பை என்பதால் ஆயுளைக் கணக்கிடும்போது தானாக அடிபட்டுப்போகும்.

என்ட்ரோபியில் மட்டும் அடிபடாது. வளைவின் கெழுவை 4 பையால் பெருக்கினால் என்ட்ரோபி, ஆக நிகழ்வெல்லையில் எடையின் 2 மடங்கு. கிளாசிக்கலாக நிகழ்வெல்லையில் எடை = நிறை/லாம்டா. எனவே என்ட்ரோபி = 2 × நிறை/லாம்டா. வெப்பநிலையால் பெருக்கிப் பார்த்தால் நிறை மாற்றம்/பை. முதல் விதி பொருந்துகிறது. 2 பை × நிறை/லாம்டா என்று எழுதுகிறவர்கள் உண்மையான நிறையை வைத்து எழுதுகிறார்கள். இரண்டு மரபுகளையும் ஒரே தாளில் கலந்துவிடாதீர்கள்.

இந்த மாதிரியில் வெப்பநிலை நிறையைச் சார்ந்ததே இல்லை. நான்கு பரிமாண ஷ்வார்ஸ்சைல்டில் சுருங்கச் சுருங்கச் சூடேறும். இங்கே கடைசிவரை ஒரே சூடு. அதனால் ஆயுள் நேரடி வகுத்தல்தான்: 48 × நிறை / (எண்ணிக்கை × லாம்டா வர்க்கம்). கப்பாவில் சொன்னால் 4 நிறை / (கப்பா × லாம்டா வர்க்கம்).

ஜனவரி 13

கிரிட் பற்றி ஒரு முக்கிய விஷயம் விட்டுப்போயிற்று.

ஆர்எஸ்டியில் முடிவுப் புள்ளிக்கு மூடிய விடை உண்டு. எடையையும் ஃபையையும் சேர்த்து ஒமேகா என்ற சார்பு கட்டுகிறார்கள்: எடை/(கப்பாவின் வர்க்கமூலம்) கூட்டல் ஃபை × கப்பாவின் வர்க்கமூலம்/2. ஒமேகா மிகக் குறைவாக இருக்கும் இடம் எடை = கப்பா/4. ஒமேகா அந்த மதிப்புக்கும் கீழே போனால் ஃபை கலப்பெண்ணாகிவிடும். அந்தக் கோடு காலவகையாக இருக்கும் பகுதியில் அதையே எல்லையாக வைத்து அலைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். தோற்ற நிகழ்வெல்லையும் இந்தக் கோடும் சந்திக்கும் புள்ளிதான் கரைதலின் முடிவு.

அந்தப் புள்ளியின் எக்ஸ்-மைனஸ் மதிப்பு, கிளாசிக்கல் நிகழ்வெல்லையின் மதிப்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது? விகிதமாகச் சொன்னால், ஈயின் அடுக்கு 4 நிறை/(கப்பா லாம்டா) எடுத்து, 1 கழித்து, அதன் தலைகீழி. அடுக்கு 10 என்றால் 22,000இல் ஒன்று, கவலையில்லை. அடுக்கு 36 என்றால் 2.3 × 10இன் மைனஸ் 16 அடுக்கு. டபுள் பிரிசிஷனின் எல்லை 2.2 × 10இன் மைனஸ் 16. அதற்கு மேல் நிறையைக் கூட்டினால் நிகழ்வெல்லையும் முடிவுப் புள்ளியும் கணினிக்கு ஒரே எண். ஸ்டெப்பை எவ்வளவு சிறிதாக்கினாலும் பிரயோசனம் இல்லை.

வழி: எக்ஸ்-மைனஸை நேரடியாகச் சேமிக்காதீர்கள். நிகழ்வெல்லையிலிருந்து உள்ள தூரத்தின் மடக்கையை மாறியாக எடுங்கள். எக்ஸ்-பிளஸுக்கும் மடக்கைதான். ஃபை, ரோ இரண்டிலிருந்தும் வெற்றிட விடையைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பரிணமிக்க விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைத் தேடும் நிலைமை வரும்.

அஷ்டேகர், பிரிட்டோரியஸ், ரமசானோலு மூவரும் 2011இல் வெளியிட்ட சிஜிஹெச்எஸ் கணக்கீடுகள் இந்த வகையில் பார்க்க வேண்டியவை. போதுமான பெரிய நிறையில் தொடங்கினால், எதில் தொடங்கினாலும் கடைசிக் கட்டம் ஒரே பொது வளைகோட்டில் போய் விழுகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

ஜனவரி 13, சற்று நேரம் கழித்து

முடிவுப் புள்ளிக்குப் பிறகு ஆர்எஸ்டியில் வெற்றிட விடையைத் தைக்கும்போது ஒரு சிறிய எதிர்ம ஆற்றல் துடிப்பு வெளியே போகும். தண்டர்பாப் என்று பெயர். உங்கள் ஓட்டத்தில் அது தெரிந்தால் எண்முறைக் குப்பை என்று வடிகட்டிவிடாதீர்கள். ஆற்றல் கணக்கு சரியாக முடிய அது வேண்டும்.

ஜனவரி 15. இன்னொரு வாசகர்

ஆயுளைச் சொன்னீர்கள், பேஜ் காலத்தை (கதிர்வீச்சின் என்ட்ரோபி ஏறுவதை நிறுத்தித் திரும்பும் நேரத்தை) சொல்லவில்லையே? பாதி ஆயுளில்தானே வரும்?

ஜனவரி 15, இரவு

பாதியில் வராது, மூன்றில் ஒரு பங்கில் வரும். நல்ல கேள்வி, ஏனென்றால் ஃப்ளக்ஸை வைத்தே இதைப் பெறலாம். ஒரு திசையில் போகும் வெப்பக் கதிர்வீச்சு ஒவ்வொரு புலத்துக்கும் நொடிக்கு பை × வெப்பநிலை/6 என்ட்ரோபியைக் கொண்டுபோகும். மொத்தம் எண்ணிக்கை × லாம்டா/12. துளை இழக்கும் என்ட்ரோபியோ ஆற்றல் ஃப்ளக்ஸ்/வெப்பநிலை, அதாவது எண்ணிக்கை × லாம்டா/24. வெளியே போவது உள்ளே குறைவதைப் போல இரு மடங்கு. கதிர்வீச்சின் என்ட்ரோபி துளையின் மிச்ச என்ட்ரோபியைத் தொடும் நேரத்தைக் கேட்டால், தொடக்க என்ட்ரோபி × 8/(எண்ணிக்கை × லாம்டா). முழு ஆயுள் 24/(எண்ணிக்கை × லாம்டா) மடங்கு. மூன்றில் ஒன்று.

2020இல் இரண்டு குழுக்கள் இதே மாதிரியில் தீவுகளை (கதிர்வீச்சின் கணக்கில் சேர்க்க வேண்டிய, துளைக்குள் உள்ள பகுதிகளை) கணக்கிட்டபோது கிடைத்ததும் இதே மூன்றில் ஒன்றுதான்: கவுத்தாசன், ஷ்னைடர்பவர், சிபெஸ்மா, தோர்லாசியஸ் ஒருபுறம், ஹார்ட்மன், ஷகூலியன், ஸ்ட்ராமிஞ்சர் மறுபுறம். அங்கே பேஜ் வளைவு (கதிர்வீச்சின் என்ட்ரோபி நேரத்தோடு மாறும் வளைவு) திரும்புவதற்குக் காரணம் தீவு. நான் மேலே செய்தது திரும்பும் இடத்தை மட்டும் சொல்லும், ஏன் திரும்புகிறது என்று சொல்லாது.

ஜனவரி 19

தம்பி தனிச்செய்தியில் ஜேடி ஈர்ப்பு என்ற இன்னொரு இரு பரிமாண மாதிரியைப் பற்றிக் கேட்டார்; பொதுவில் பதில் சொல்வதே நல்லது. “எல்லாரும் மூன்றரை வரிக்குள் முடித்துவிடும் பார்ட்டிஷன் ஃபங்ஷனின் அந்த 3/2 அடுக்கு எங்கிருந்து வருகிறது?”

ஜாக்கிவ், டைட்டல்பாய்ம் முன்வைத்த இந்த மாதிரியில் டைலட்டானைத் தொகையிட்டால் வளைவு மைனஸ் 2 என்று பூட்டிவிடும். உள்ளே அசைய ஒன்றுமே இல்லை. எல்லைக் கோடு மட்டும் நெளியும். அந்த நெளிவுக்கான ஆக்‌ஷன் ஸ்வார்ஸியன், கெழு சி. நெளிவை ஃபூரியே மோடுகளாகப் பிரித்தால் (என் மோடு எண், பீட்டா வெப்பநிலையின் தலைகீழி):

இருபடி ஆக்‌ஷன்: (சி/பீட்டா) × (என் நான்காம் அடுக்கு − என் வர்க்கம்). அளவீடு: என் கனம் − என். விகிதம்: பீட்டா/(சி × என்).

மோடு 0, பிளஸ் 1, மைனஸ் 1 மூன்றிலும் இரண்டும் பூஜ்யம். அவை ஹைபர்பாலிக் தளத்தின் சமச்சீர்மைகள், அவற்றைத் தொகையிடவே கூடாது. எனவே பெருக்கல் 2இலிருந்து தொடங்கும். ஸீட்டா முறையில் 1இலிருந்து முடிவிலிவரை ஒரு மாறிலியைப் பெருக்கினால் அடுக்கு மைனஸ் அரை. முதல் மோடைக் கழித்தால் மைனஸ் 3/2. அவ்வளவுதான். பார்ட்டிஷன் ஃபங்ஷன்: (சி/பீட்டா) இன் 3/2 அடுக்கு × ஈயின் அடுக்கு (எஸ்-நாட் + 2 பை வர்க்கம் × சி/பீட்டா). எஸ்-நாட் என்பது பூஜ்ய வெப்பநிலையின் கிளாசிக்கல் என்ட்ரோபி. ஒரு லூப்போடு கணக்கு முடிந்துவிடுகிறது, இரண்டாம் லூப் பூஜ்யம் என்று ஸ்டான்ஃபோர்டும் விட்டனும் 2017இல் காட்டினார்கள்.

மோடு 1ஐ விட்டுவைத்தால் அடுக்கு அரை ஆகும். அது வேறொரு வடிவவியலின் விடை: ஒரு முனையில் எல்லை, மறுமுனையில் ஜியோடெசிக் வளையம் கொண்ட ட்ரம்பெட். தவறாக விட்டுவைத்தால், ஆற்றல் அடர்த்தி பூஜ்யத்தருகே வர்க்கமூலமாகக் குறைய வேண்டியது, எகிறிவிடும். அதுவே நல்ல சோதனை.

ஜனவரி 20

நேற்றைய சூத்திரத்திலிருந்து ஓர் எண். சராசரி ஆற்றல் = 2 பை வர்க்கம் × சி × வெப்பநிலை வர்க்கம் + (3/2) × வெப்பநிலை. இரண்டு உறுப்புகளும் சமமாகும் வெப்பநிலை 3/(4 பை வர்க்கம் × சி), ஏறத்தாழ 0.076/சி. அதற்குக் கீழே குவாண்டம் திருத்தம்தான் முதன்மை உறுப்பு, கிளாசிக்கல் விடை அதன் திருத்தம்!

இது பொம்மை மாதிரியோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. மின்னூட்டம் கொண்ட, உச்சநிலைக்கு நெருங்கிய கருந்துளையின் கழுத்தில் இதே எல்லை மோடு உட்கார்ந்திருக்கிறது. ஒரு குவான்டம் வெளிப்பட்டாலே வெப்பநிலை மாறிவிடும் அளவுக்குத் துளை குளிரும்போது வெப்ப இயக்கவியல் விவரிப்பு உடைகிறது என்று 1991இல் பிரஸ்கில், ஷ்வார்ஸ், ஷாப்பியர், திரிவேதி, வில்செக் ஐவரும் எழுதினார்கள். அந்த இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை ஸ்வார்ஸியன் கொண்டு இலியெஸ்யுவும் துரியாச்சியும் 2020இல் கணக்கிட்டார்கள்: மீச்சமச்சீர்மை இல்லாத துளையில் ஆற்றல் மட்டங்களுக்கு அடியில் இடைவெளி இல்லை, அடர்த்தி மெல்ல பூஜ்யத்துக்கு இறங்குகிறது.

ஜனவரி 20, இரவு. கேள்வி கேட்டவர்

என்ட்ரோபியில் (3/2) மடக்கை வெப்பநிலை வருகிறதே. வெப்பநிலை பூஜ்யத்துக்குப் போனால் என்ட்ரோபி எதிர்மம் ஆகிவிடுமே அண்ணா? மாதிரி அங்கே தப்பா?

ஜனவரி 24

பதிலை எழுதி அழித்து எழுதியிருக்கிறேன். முதலில் “மாதிரி அங்கே செல்லாது” என்று எழுதியிருந்தேன், அது அவசரம். தட்டு வடிவவியல் (இதுவரை எடுத்துக்கொண்ட, கைப்பிடி இல்லாத வட்டு) மட்டும்தான் அங்கே செல்லாது.

தட்டில் ஒரு கைப்பிடி சேர்ந்தால் எவ்வளவு வரும் என்று பாருங்கள். சி = 1/2 என்று வையுங்கள். தட்டு: ஈயின் அடுக்கு (எஸ்-நாட் + பை வர்க்கம்/பீட்டா), கீழே 4 × பையின் வர்க்கமூலம் × பீட்டாவின் 3/2 அடுக்கு. கைப்பிடிக்கு ட்ரம்பெட்டையும் ஒரு துளையுள்ள டோரஸையும் வளைய நீளம் பி வழியே ஒட்ட வேண்டும். ஒட்டும் அளவீடு பி தடவை பியின் வகையீடு (முறுக்கலால் வரும் அந்த பியை மறந்துவிடாதீர்கள்). டோரஸின் வைல்–பீட்டர்சன் கனஅளவு (பி வர்க்கம் + 4 பை வர்க்கம்)/48. தொகையிட்டால்:

ஈயின் அடுக்கு மைனஸ் எஸ்-நாட் × பீட்டாவின் வர்க்கமூலம் × (பீட்டா + பை வர்க்கம்) / (12 × பையின் வர்க்கமூலம்)

தட்டால் வகுத்தால், பீட்டா பெரிதாகும்போது விகிதம் ஈயின் அடுக்கு மைனஸ் 2 எஸ்-நாட் × பீட்டா கனம்/3. ஆக பீட்டா ஈயின் அடுக்கு (2 எஸ்-நாட்/3) அளவுக்குப் போனால் கைப்பிடி தட்டுக்குச் சமம். நீங்கள் கேட்ட எதிர்ம என்ட்ரோபி தொடங்குவதும் அதே அளவிலான வெப்பநிலையில்தான். அங்கே தட்டை மட்டும் நம்பியதால் வந்த வினை அது. அதற்கும் கீழே பார்ட்டிஷன் ஃபங்ஷனின் சராசரிக்கு மடக்கை எடுப்பதா, மடக்கையின் சராசரியை எடுப்பதா என்ற கேள்வி வரும். இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்.

கைப்பிடிகளைக் கூட்டிக்கொண்டே போனால் கனஅளவுகள் (2 × கைப்பிடிகள்) ஃபாக்டோரியல் வேகத்தில் வளரும், தொடர் குவியாது. சாத், ஷென்கர், ஸ்டான்ஃபோர்ட் 2019இல் இந்தத் தொடர் முழுவதும் ஒரு மேட்ரிக்ஸ் தொகையீட்டின் விரிவு என்று காட்டினார்கள். கனஅளவுகளுக்கான மிர்ஸாகானியின் மீள்வரு சூத்திரம்தான் பாலம்.

ஜனவரி 25

கேள்வி கேட்டவர் டோரஸின் கனஅளவில் 1/48க்குப் பதில் 1/24 போட்டு, கைப்பிடி விகிதத்தில் மேலே சொன்ன 3இல் ஒன்று 3இல் இரண்டாக வருகிறது என்கிறார். சில புத்தகங்களில் 1/24 இருக்கத்தான் செய்கிறது. ஒரு துளை டோரஸ் எதை எடுத்தாலும் அதைத் தன்மேலேயே போடும் ஓர் இருமைச் சமச்சீர்மை உண்டு. பாதை தொகையீட்டில் அதற்காக இரண்டால் வகுக்க வேண்டும்.

எது சரி என்பதைச் சுயமாகச் சரிபார்க்கலாம். ஆற்றல் பூஜ்யத்தருகே அடர்த்தி வர்க்கமூலம்/(2 பை) × ஈயின் அடுக்கு எஸ்-நாட். அங்கே மேட்ரிக்ஸ் தொகையீடு, ஏரி (Airy) சார்பின் பெயர் கொண்ட எளிய மாதிரியாகச் சுருங்கும். அதற்கு மூடிய விடை உண்டு. பீட்டாவை இந்த அடர்த்திக்கு ஏற்ப மறு அளவிட்டால், தட்டின் விடை ஈயின் அடுக்கு (பீட்டா கனம் × ஈயின் அடுக்கு மைனஸ் 2 எஸ்-நாட் / 3) என்பதால் பெருக்கப்படும். விரித்தால் முதல் உறுப்பில் 3இல் ஒன்று. 1/48 பொருந்துகிறது.